தவறுக்குத் திரை சொல்லும் பதில்

சென்ற ஆண்டு ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து ஒரு கணக்குப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் புதிதாக மாட்டிய தொடுதிரை. ஆசிரியை ஓர் இலவச இணையதளத்தைத் திறந்துவைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டார். 1/4, 1/5 இரண்டில் எது பெரியது? முன்னால் போன சிறுமி தயங்காமல் 1/5-ஐத் தொட்டாள். சிவப்பில் ஒரு பெருக்கல் குறி வந்தது, கூடவே ஒரு சோக ஒலி. உடனே 1/4-ஐத் தொட்டாள். நட்சத்திரங்கள் கொட்டின, கைதட்டல் கேட்டது. பத்துக் கேள்விகளையும் இப்படியே முடித்தாள். கடைசியில் ஒரு தங்கக் கோப்பை சுழன்று வந்து நின்றது. வகுப்பே கைதட்டியது.

ஆசிரியை அவளை இடத்துக்கு அனுப்பவில்லை. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

"ஒண்ணைத் தொட்டுப் பார்ப்பேன் டீச்சர். தப்புன்னு வந்தா இன்னொண்ணுதான் சரி."

அவள் சொன்னதில் கள்ளம் துளியும் இல்லை. அந்தத் தளம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஐந்தே நிமிடத்தில் அவள் முழுசாகப் புரிந்துகொண்டிருந்தாள். பின்னம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

தொடக்கப் பள்ளியில் ஊடாடும் கல்வித் தளங்களைப் பயன்படுத்துவது பற்றிப் பேச்சு வரும்போது எத்தனை கணினி, இணையம் வேகமாக வருகிறதா, தமிழில் உண்டா, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனால் ஒரு தளத்தை வகுப்புக்குள் விடுவதற்கு முன் நான் முதலில் செய்வது, வேண்டுமென்றே ஒரு தவறான விடையைக் கொடுத்துப் பார்ப்பது. தவறுக்கு அது என்ன பதில் சொல்கிறது? 'தப்பு' என்று மட்டும் சொன்னால் குழந்தை அடுத்த பொத்தானைத் தேடும். அந்த விடை எங்கே போய் விழுகிறது என்று காட்டினால் குழந்தை யோசிக்கும். மற்ற வசதிகள் அத்தனையும் இந்த ஒன்றுக்கு அடுத்தபடிதான் என்பது பல ஆண்டு வகுப்பறைகளைப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு.

இதைப் பேச பின்னத்தை எடுத்துக்கொள்கிறேன், காரணம் இருக்கிறது. ராபர்ட் சீக்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டுத் தரவுகளையும் அலசியது. பத்து வயதையொட்டி ஒரு குழந்தைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது, அதே குழந்தை மேல்நிலைப் பள்ளியில் கணக்கை எப்படிச் சமாளிக்கும் என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. பின்னம் எவ்வளவு ஆழமாகப் பிசகும் என்பதற்கு 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசியத் தேர்வின் ஒரு கேள்வி போதும். 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு? 1, 2, 19, 21 என நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருந்தன. இரண்டு பின்னமும் ஒன்றை ஒட்டியவை, ஆகவே விடை 2. பதின்மூன்று வயது மாணவர்களில் அதைத் தொட்டவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே உள்ளதைக் கூட்டினார்கள், அல்லது கீழே உள்ளதைக் கூட்டினார்கள். பின்னம் அவர்களுக்கு ஓர் எண்ணாகவே தெரியவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு எண்களாகத்தான் தெரிந்தது.

பென்னி என்ற சிறுவனின் கதையைக் கணக்குக் கல்வி ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு படித்த பன்னிரண்டு வயதுப் பையன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு தனியாள் கற்றல் திட்டத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்தே படித்துவந்தான். அது கணினிக்கு முந்தைய தாள் திட்டம். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் பயிற்சித் தாளை முடிக்கும், அது விடைக் குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்தப்படும், தேர்வில் 80 சதவீதம் வாங்கினால் அடுத்த படிக்குப் போகும். இன்றைய தளங்கள் பலவற்றின் எலும்புக்கூடு அப்படியே அதில் இருக்கிறது. பென்னி நன்றாக முன்னேறும் மாணவன் என்று அவனுடைய ஆசிரியர் நம்பினார். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அவனோடு உட்கார்ந்து பேசி, 1973-இல் அதை எழுதினார்.

2/10-ஐத் தசமமாக எழுதச் சொன்னால் பென்னி 1.2 என்று எழுதினான். 5/10 அவனுக்கு 1.5. மேலும் கீழும் உள்ளதைக் கூட்டு, நடுவில் புள்ளி வை. இதுதான் அவன் வைத்திருந்த விதி. அந்தக் கணக்கில் 4/11-க்கும் 1.5, 11/4-க்கும் 1.5. இரண்டும் ஒன்றாக வருவது அவனை உறுத்தவில்லை. இதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. விடைக் குறிப்பில் ஒரு வடிவம்தான் இருக்கும், அதே மதிப்பை வேறு வடிவத்தில் எழுதினால் தப்பாகிவிடும் என்று பென்னி அனுபவத்தில் கண்டிருந்தான். ஆகவே கணக்கு என்பது யாரோ எங்கோ வகுத்த நூற்றுக்கணக்கான விதிகள், நம் வேலை குறிப்பில் இருக்கும் விடையை எப்படியாவது பிடிப்பது என்ற முடிவுக்கு வந்திருந்தான். அவன் சோம்பேறி இல்லை, மந்தமானவனும் இல்லை. தவறுக்கு 'தப்பு' என்ற ஒரே பதில் நான்காண்டுகள் கிடைத்தால் ஒரு புத்திசாலிக் குழந்தை எதைக் கற்குமோ அதைத்தான் அவன் கற்றிருந்தான். தங்கக் கோப்பை வாங்கிய என் சிறுமிக்கும் அவனுக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்கும் நான்காண்டுக்கும் உள்ள தூரம்தான்.

பென்னியின் கதை வெளிவந்த அதே பத்தாண்டில், அதே நாட்டில், வேறொரு வழியும் பிறந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிக் கல்வி அமைப்பு, 1970-களில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் தொடுதிரைகளோடு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்காக ஷாரன் டக்டேல் உருவாக்கிய பின்னப் பாடங்களில் ஒன்று 'டார்ட்ஸ்'. திரையில் ஓர் எண்கோடு, அதன்மேல் அங்கங்கே மூன்று பலூன்கள். பலூன் இருக்கும் இடத்தை எண்ணாக நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். அம்பு பறந்து, நீங்கள் சொன்ன எண்ணுக்கு நேராகப் போய்க் குத்தும். சரியென்றால் பலூன் வெடிக்கும். தவறென்றால் அம்பு அங்கேயே நிற்கும். அவ்வளவுதான்.

அந்த 'அங்கேயே நிற்கும்' என்பதில்தான் பாடமே இருக்கிறது. பலூன் கால் அளவில் இருக்கிறது, குழந்தை 1/5 என்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பு பலூனுக்குக் கொஞ்சம் கீழே குத்தி நிற்கிறது. இங்கே சிவப்புக் குறியும் கிடையாது, சோக ஒலியும் கிடையாது. 1/5 எங்கே இருக்கிறது என்று எண்கோடே சொல்லிவிட்டது. 5 பெரிது என்பதால் 1/5 பெரிதாக இருக்கும் என்று நினைத்த பிள்ளைக்கு அந்த அம்பு ஒரு கேள்வி. அடுத்து 1/6 அடித்தால் இன்னும் கீழே போகிறது. அடுத்து 1/3, பலூனைத் தாண்டிவிட்டது. நடுவில் 1/4. பத்து வயதுப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் பின்னங்களை வரிசைப்படுத்திவிட்டது. தவறான மூன்று விடைகளும் வீணாகவில்லை, திரையில் நின்றபடி நாலாவது விடைக்கு வழிகாட்டின.

தாமஸ் மலோன் என்ற ஆய்வாளர் 1980-ஐ ஒட்டி இதே விளையாட்டைப் பல வகையாக மாற்றி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றில் பலூன் இல்லை, ஒன்றில் இசை இல்லை, ஒன்றில் அம்பு விழும் இடம் தெரியாது. அம்பு எய்து பலூன் உடைக்கும் கற்பனை பையன்களைக் கவர்ந்தது, பெண் பிள்ளைகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 'குழந்தைகளுக்கு விளையாட்டென்றால் பிடிக்கும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுத் தளங்களை வாங்கும் நிர்வாகங்கள் இந்தப் பழைய முடிவை ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எந்தக் குழந்தைக்கு, எந்த விளையாட்டு என்பதும் கேள்விதான்.

சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் 1967-இல் உருவாக்கிய லோகோ மொழியிலும் இதே குணம் உண்டு. அதில் குழந்தை சொன்னபடி நகர்ந்து கோடு வரையும் ஆமைக்கு 90 பாகைக்குப் பதில் 60 பாகை திரும்பச் சொன்னால் சதுரம் வராது. ஆமை குழந்தையைக் கண்டிக்காது, சொன்னதை வரைந்துவிட்டு நிற்கும். எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் தளம் இந்த வம்சம்தான்.

பிளேட்டோவும் அந்த ஆரஞ்சுத் திரையும் போய்விட்டன. இன்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியவற்றில் நான் முதலில் பரிந்துரைப்பது ஃபெட் என்ற தளம். இயற்பியலில் 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் தொடங்கியது. முதலில் கல்லூரி இயற்பியலுக்கு, பிறகு மற்ற அறிவியலுக்கும் பள்ளிக் கணக்கிற்கும் விரிந்தது. உள்நுழையத் தேவையில்லை, விளம்பரம் இல்லை, தரவிறக்கி இணையமில்லாத இடத்திலும் ஓட்டலாம், தமிழிலும் உண்டு. விளம்பரம் இல்லாததைச் சிறு வசதியாக நினைக்க வேண்டாம். ஏழு வயதுக் குழந்தைக்கு 'விளையாடு' என்ற பொத்தானும் அதே நிறத்தில் மின்னும் விளம்பரமும் ஒன்றுதான். குழந்தைகளின் நடத்தையைத் தடம் பிடிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடைசெய்ய இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகைசெய்கிறது என்பதைப் பள்ளிகள் நினைவில் வைத்தால் நல்லது.

ஃபெட்டின் பின்ன அறிமுகப் பக்கத்தில் ஒரு வட்டம், கீழே ஒரு கூடையில் துண்டுகள், பக்கத்தில் தொகுதியும் பகுதியும். பகுதியை 4-லிருந்து 5-க்கு ஏற்றினால் துண்டு கண்ணெதிரே சிறுக்கிறது. ஒரு துண்டை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டால் தொகுதி ஒன்று கூடுகிறது. வட்டத்துக்குப் பதில் செவ்வகம், தண்ணீர்க் குவளை, கேக், எண்கோடு என்று மாற்றிக்கொள்ளலாம். எதையும் எப்படியும் செய்யலாம் என்றாலும், செய்யக்கூடியவை குறைவாக இருப்பதால் குழந்தை தானாகவே பயனுள்ள பக்கம் திரும்புகிறது. இதை ஃபெட் குழுவினர் திட்டமிட்டே செய்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மாணவர்கள் கையில் கொடுத்து, அவர்கள் எதைத் தொடுகிறார்கள், எதில் குழம்புகிறார்கள் என்று பார்த்துத் திருத்துவது அவர்கள் நடைமுறை. பாடம் தொடங்குமுன் சில நிமிடம் பிள்ளைகளைச் சும்மா விளையாட விடுங்கள் என்று ஆசிரியர்களுக்குச் சொல்வதும் அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான்.

நல்ல தளம் கிடைத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. பெருவில் ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வந்தது. கணினி கைக்குப் போய்ச் சேர்ந்தது, பிள்ளைகள் பயன்படுத்தவும் செய்தார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. தில்லியில் நடந்தது வேறு. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களில் 619 மாணவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கானிமியன் மூவரும் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்க அளவுக்கு முன்னேற்றம். கல்வி ஆய்வில் இவை பெரிய எண்கள். அவர்களில் பெரும்பாலோர் நடுநிலைப் பள்ளி வயதினர் என்பதால் இதைத் தொடக்கப் பள்ளிக்கு அப்படியே பெயர்த்துவிடக் கூடாது. ஆனாலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியவை. ஒன்று, மென்பொருள் குழந்தை படிக்கும் வகுப்பிலிருந்து தொடங்கவில்லை, அதற்கு உண்மையில் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கியது. தவறு செய்யும் விதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றியது. மற்றது, 45 நிமிடம் திரை என்றால், 45 நிமிடம் ஓர் ஆளோடு சிறு குழுவாக உட்கார்வதும் இருந்தது.

ஆள் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயான் பேக்கர் குழுவினர் 2004-இல் கவனித்தது: கணக்கு மென்பொருளில் சில மாணவர்கள் குறிப்புப் பொத்தானை விடை வரும்வரை அழுத்தினார்கள், அல்லது ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைவாகக் கற்றார்கள். வகுப்பில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு நட்டம் இல்லை. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று தட்டும் குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது என்று வாசலிலிருந்து பார்க்கும் நமக்குத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து 'எப்படிம்மா?' என்று கேட்டால்தான் தெரியும்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். திரையில் 3/8 என்று இருக்கிறது. ஆங்கில வழிப் பிள்ளைகள் 'த்ரீ பை எய்ட்' என்கிறார்கள். தமிழ் வழியிலும் பல வகுப்புகளில் 'மூணு பை எட்டு' என்றே கேட்கிறேன். மேலிருந்து கீழே, இரண்டு எண்களின் பெயர். தமிழ் இயல்பாகச் சொல்வது 'எட்டில் மூன்று'. முதலில் முழுமை எத்தனையாகப் பிரிந்தது என்கிறது, பிறகு அதில் எத்தனை என்கிறது. கொரிய மொழியும் இப்படித்தான் பகுதியை முதலில் சொல்லும். மியூராவும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் பின்னம் படிக்கும் முன்பே கொரியக் குழந்தைகள் பின்னத்தைப் படத்தோடு பொருத்துவதில் அமெரிக்க, குரோஷியக் குழந்தைகளைவிட முன்னால் இருந்தார்கள். பைக், மிக்ஸ் இருவரும் 2003-இல் அமெரிக்கக் குழந்தைகளிடமே, நான்கு பாகங்களில் ஒன்று என்ற வகையில் ஆங்கிலத்தை மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகளின் விடைகளும் மேம்பட்டன. நம் மொழி சும்மா கொடுத்திருக்கும் இந்த உதவியை 'பை' போட்டு நாமே தள்ளிவிடுகிறோம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களுக்குத் தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாக முந்திரி என்ற சிறு பின்னம் வரைக்கும் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் 'கால்' என்பது ஒரு பெயர். நான்கு என்பது அதற்குள் ஒளிந்திருக்கிறது. கடையில் கால் கிலோ பருப்பு வாங்கிவரும் குழந்தை 1/4-ஐப் பார்த்தால் அந்நியமாக விழிப்பது இதனால்தான். இந்த இரண்டையும் எந்தத் தளமும் முடிச்சுப் போடாது. திரையில் ஒரு துண்டு நிற்கும்போது, 'நான்கில் ஒன்று, நம்ம கால்' என்று பக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் இருக்கும் நிலையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. நம் நிலைமை பெரும்பாலும் வகுப்புக்கு ஒரு திரை. பலரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆளுக்கொரு திரை இருந்தால் தவறு தனியாக நடந்து தனியாக மறையும். ஒரே திரை என்றால் ஒரு குழந்தையின் தவறு முப்பது பேருக்கும் பேசுபொருள். அதைக் கேவலமாக்காமல் நடத்தத் தெரிந்த ஆசிரியர் மட்டும் வேண்டும்.

அந்தப் பள்ளியின் ஆசிரியைக்கு அது தெரிந்திருந்தது. மறுநாள் நான் போனபோது பழைய தளத்தை மூடிவிட்டு ஃபெட்டைத் திறந்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: சிலேட்டில் எழுதிக் காட்டாமல் யாரும் திரையைத் தொடக் கூடாது. வட்டம் நான்காகப் பிரிந்து ஒரு துண்டு உள்ளே இருந்தது. "இப்ப நாலை அஞ்சாக்கப் போறேன். துண்டு என்ன ஆகும்?" பாதிக்கு மேற்பட்ட சிலேட்டுகளில் 'பெருசாகும்'. யாரையும் திருத்தாமல், எழுதியதை அப்படியே மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு முந்தின நாள் கோப்பை வாங்கிய சிறுமியை அழைத்து அம்புக்குறியைத் தொடச் சொன்னார்.

துண்டு சிறுத்தது. வகுப்பில் சத்தமில்லை. அவள் திரும்பி நான்காக்கினாள், மறுபடி ஐந்தாக்கினாள். "பேர் கூடுது, பங்கு குறையுது டீச்சர்" என்றாள். பின்னாலிருந்து ஒரு பையன், "எங்க வீட்ல அத்தை வந்தா அப்படித்தான் ஆகும்" என்று அதை உறுதிசெய்தான். ஆசிரியை கரும்பலகையில் 'ஐந்தில் ஒன்று' என்று எழுதினார்.

அவள் நகரவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று ஏற்றிக்கொண்டே போனாள். எட்டில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அழுத்தியும் ஏறவில்லை. "ஏன் டீச்சர் மேல போகல? ஒம்பது பேர் வந்தா?" ஆசிரியை திரையைப் பார்த்தார், பிறகு அவளிடம் ஒரு சுண்ணக்கட்டியை நீட்டினார். அவள் தரையில் ஒரு பெரிய வட்டம் போட்டு, அதை ஒன்பதாகப் பிரிக்க உட்கார்ந்தாள். மணி அடிக்கும்போது நாலாவது முறையாக அழித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆறேழு தலைகள் குனிந்திருந்தன. திரை தானாக அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை.